ஏழாம் பாடு

பாடு என்றால் எங்களுக்கு ஏரியில் வலை கட்டும் இடம்.
உங்கள் பேச்சில் அதற்கு வேறு அர்த்தம் இருக்கலாம்.
இந்த வருஷச் சீட்டில் எத்திராஜுக்கு விழுந்தது ஏழாம் பாடு,
கழிமுகத்துக்குப் பக்கம், வெள்ளை இறால் ஏறிவரும் வழி.
முன்பு போலையா அங்கே வலை கட்டித்தான்
சூலூர்பேட்டையில் மகள் கல்யாணத்தை முடித்தான்.
இப்போது அங்கே மஞ்சள் மிதவைகள்.
தாண்டினால் ஒலிபெருக்கியில் ஒரு குரல்:
முதலில் அவர்கள் பாஷை, பிறகு இந்தி, பிறகு தெலுங்கு.
தமிழ் வருவதற்குள் படகைத் திருப்பிவிட வேண்டும்.

பொய் சொல்ல மாட்டேன்.
தளம் வந்த பிறகுதான் நண்டுக்கு விலை வந்தது.
தடாவில் முந்நூறுக்குக் கெஞ்சி விற்றவள்
அவர்கள் சமையல்காரனிடம் ஐந்நூற்று எண்பதுக்கு விற்றேன்.
காதில் கிடப்பது அந்தக் காசு.

ஒருதரம் மீட்டிங் வைத்தார்கள், பிஸ்கட் கொடுத்தார்கள்.
மஸ்தானம்மா எழுந்தாள்:
"உங்களை அடிக்க வருகிறவன்
எங்களை விட்டுவிட்டு அடிப்பானா?"
மொழிபெயர்த்தவன் நீளமாகச் சொன்னான்.
அதிகாரி சுருக்கமாகச் சிரித்தான்.
"பயப்பட வேண்டாம் என்கிறார்."

கூரியர் பையனுக்கு இன்றுவரை எங்கள் குப்பத்துக்கு வழி தெரியாது,
தடா ரோட்டில் நின்று போன் செய்வான்.
பெயர் சொல்ல என் நாக்கு புரளாத ஏதோ ஓர் ஊரில்
யாரோ ஒருவனுக்கு
என் அடுப்பு இருக்கும் இடம் புள்ளி பிசகாமல் தெரியும்.

மாசி மாதம்.
சங்கு ஊதவில்லை, அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.
புதன்கிழமை தவறாமல் பத்து மணிக்குச்
சோதனைக்கு ஊதும் சங்கு
அந்தப் புதன்கிழமை ஊதவில்லை.
ராத்திரி ஒன்றரைக்குத் தளத்து விளக்கெல்லாம் அணைந்தது.
தண்ணீரில் நட்சத்திரம் கிடந்தது.
அழகாகத்தான் இருந்தது. வயிற்றைக் கலக்கியது.
பிறகு ஹெலிகாப்டர்கள்,
பூநாரைக் கூட்டம் கத்திக்கொண்டு எழுந்தது.
படகில் ஏறி நின்று போலையாதான் பார்த்தான்:
சிவப்பு டார்ச் வெளிச்சத்தில்
தங்கள் பிள்ளைகளை ஏற்றுகிறார்கள்.
போர்வையோடு, பொம்மையோடு,
ஒரு நாய்க்குட்டியைக்கூட.

அதற்கு மேல் எங்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

ஓடக்கூடிய மோட்டார் படகு இரண்டு. வீடு அறுபத்திரண்டு.
நாட்டார் குடத்தை எடுத்துவந்தார்,
பாடு பிரிக்கிற அதே குடம்.
வீட்டுக்கு ஒரு சீட்டு,
'முதல் நடை' என்று எழுதியது பதினான்கு.
எத்திராஜ் கடலில் இருந்தான்.
அந்தக் குடத்துக்குள் பெண் கை நுழைந்தது அன்றுதான்.
உள்ளே ஈரமாக இருந்தது.

எனக்கு வெற்றுச் சீட்டு.
மஸ்தானம்மாவுக்கு முதல் நடை.
அவள் என் சின்னவளைப் பார்த்தாள்,
சீட்டை நாலாக மடித்தாள்,
இடுப்பில் செருகிக்கொண்டாள்.
அவள் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.
இதை எனக்கே எத்தனை தடவை சொல்லிவிட்டேன்.

விடிந்தது. ஒன்றும் விழவில்லை.
படகுகள் திரும்பின,
நனைந்த மூட்டைகளோடு,
எங்கள் முகத்தைப் பார்க்காத பதினான்கு வீட்டோடு.
எங்கோ யாரோ யாருடனோ பேசி முடித்துவிட்டார்களாம்.
'பதற்றம் தணிந்தது' என்று பேப்பரில் நாலு வரி.
மூன்றாம் நாள் அவர்கள் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள்.
ஐந்தாம் நாள் சமையல்காரன் கேட்டுக்கு வந்தான்,
நண்டைப் புரட்டிப் பார்த்தான்,
ஐந்நூற்று ஐம்பது என்றான்.
கொடுத்தேன்.

மஸ்தானம்மாவும் நானும் ஒரே பஸ்ஸில்தான் போகிறோம்.
நண்டைப் பற்றி மட்டும் பேசிக்கொள்கிறோம்.
புதன்கிழமை பத்து மணிக்குச் சங்கு ஊதினால்
குப்பமே மூச்சு விடுகிறது,
அடுப்பில் உலை வைக்கிறது.

சின்னவள் செருப்போடு தூங்குகிறாள்.
தூக்கத்தில் மெல்லக் கழற்றப் பார்ப்பேன்,
ஒரு வார் அவிழ்ந்ததும்
கண்ணைத் திறக்காமலே கேட்பாள்:
"நம்ம சீட்டு வந்துடுச்சா?"